இறங்காத எண்

நூற்றுப் பதினாறு. இறங்கேன், இறங்கித் தொலையேன். ட்ரெட்மில் பட்டை இப்போது கோயில் பிராகாரத்தைச் சும்மா சுற்றி வருகிற வேகத்தில்தான் ஓடுகிறது, கால்கள் ஒப்புக்கு நகர்கின்றன, மூச்சுகூட வாங்கவில்லை, ஆனால் சுவரில் மாட்டியிருக்கிற டிவியில் என் பெயருக்கு நேரே இதயத் துடிப்பு நூற்றுப் பதினாறு என்று மஞ்சளாக நிற்கிறது. என் பெயர் செண்பகவடிவு. டிவியில் இடம் போதாமல் செண்பகவ என்பதோடு ஆங்கிலத்தில் வெட்டி நிறுத்திவிட்டார்கள். அந்தப் பாதிப் பெயர்க்காரிக்குத்தான் மெதுநடையில் எண் நூறுக்குக் கீழே போய்ப் பச்சையாக வேண்டும். பக்கத்து சைக்கிளில் மேலப்பாளையம் பாய் எண்பத்தெட்டில் பச்சையாக, காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, மிதித்தும் மிதிக்காமலும் உட்கார்ந்திருக்கிறார். போன மாதம்வரை நானும் அப்படித்தான் இருந்தேன். நாலு நிமிடம் வேகம், மூன்று நிமிடம் மெது, மறுபடி வேகம், மறுபடி மெது. வேகத்தில் நூற்றிருபதைத் தாண்டும், மெதுவில் சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கும். “ஆன்ட்டி, நீங்கதான் இங்க ஃபர்ஸ்ட் ரேங்க்” என்பாள் பியூலா. இங்கே எங்களை நடக்கவைக்கிற பிசியோதெரபிப் பெண் அவள். அப்போதெல்லாம் வராண்டாவில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கூட வந்தவர்கள் எல்லாரும் கழற்றிப் போட்ட செருப்புகளோடு வராண்டாவில்தான் இருப்பார்கள், என் வீட்டுக்காரர் இவரும் அங்கேதான் இருந்தார். ஃபேன் பழுதாகி, “உள்ள ஏசி இருக்கு, வாங்க அங்கிள், பாவம் இப்படி வேர்க்குது” என்று பியூலா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்ட அன்றிலிருந்து என் எண் இறங்க மறுக்கிறது. இன்று மூன்றாவது தடவை. போன தடவை டாக்டர் கிராஃபைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ரெஸ்ட்ல இறங்கலேன்னா இந்தப் பயிற்சி உங்களுக்கு ஆகாதும்மா. இன்னும் ஒரு தடவ பாப்போம், இல்லேன்னா நிறுத்திட்டு வீட்லயே ரெஸ்ட் எடுங்க” என்றார். வீட்டில் ரெஸ்ட். என்னவோ குற்றாலத்துக்கு அனுப்புகிற மாதிரிச் சொன்னார். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று கிடைத்தது இவ்வளவுதான், அதுவும் நெஞ்சு அடைத்து இரண்டு ஸ்டென்ட் வைத்த பிறகு கிடைத்தது. இந்த எண் இறங்காவிட்டால் அது இன்றோடு போயிற்று. நூற்றுப் பதினேழு. நினைக்கக் கூடாது. நினைத்தால் ஏறுகிறது.

நினைக்காமல் வேறு எதைப் பார்ப்பது. காலைப் பார்க்கலாம். மகள் விட்டுப்போன சுடிதாரும் கேன்வாஸ் ஷூவும். “இந்த வயசுல சுடிதாரு ஒண்ணுதான் ஒனக்குக் கொறச்சலு” என்று வீட்டில் சொன்ன அதே வாய், டாக்டர் முன்னால், “அவளுக்கு எது வசதியோ அதப் போடட்டும் சார்” என்றது. டாக்டருக்கு இவரை ரொம்பப் பிடிக்கும். சார் மாதிரி ஒரு வீட்டுக்காரர் கிடைக்கணுமே என்று நர்ஸுகளிடம் சொல்லியிருக்கிறார். நான் அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்று சார் என்ன செய்தார் என்பதை டாக்டருக்கு யார் சொல்வது. தாடையிலிருந்து முழங்கைவரை இழுத்துப் பிடித்தது, தெப்பமாக வேர்த்துவிட்டது. “வாய்வு. பூண்டத் தட்டிப் பால்ல போட்டுக் குடி” என்றார். பூண்டை நானேதான் உரித்தேன். உரித்து, தட்டி, காய்ச்சிக் குடித்து, வாந்தியெடுத்து, அதையும் நானே துடைத்து, அதற்குமேல் எழுந்திருக்க முடியாமல் அங்கேயே சாய்ந்துவிட்டேன். உறைமோர் கேட்டு வந்த எதிர்வீட்டுச் சுப்புலட்சுமிதான் கூச்சல் போட்டு ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரியில் இவர், “பாத்த ஒடனே அள்ளிப் போட்டுட்டு வந்துட்டேன் சார்” என்றார். உடனேயாம்! இதயத்தில் கொஞ்சம் சதை செத்துப்போயிற்று, மீதிச் சதையைத்தான் பழக்க வேண்டும் என்றார் டாக்டர். பயந்து பயந்து நடந்தால் அது பயந்தாங்கொள்ளியாகவே இருந்துவிடும், கொஞ்சம் விரட்டணும், அப்புறம் விடணும், மறுபடி விரட்டணும், நெஞ்சில் கட்டுகிற பெல்ட் ஒவ்வொரு துடிப்பையும் எண்ணிக்கொண்டே இருக்கும், அதனால் அளவு மீறாது என்று விளக்கினார். விரட்டுவது, விடுவது. எனக்குச் சிரிப்பு வந்தது. அதுதானே டாக்டர் முப்பத்தொரு வருஷமாக என் வீட்டில் நடக்கிறது. காலையில் தட்டு பறக்கும், சாயங்காலம் மல்லிகைப்பூவும் அல்வாவும் வரும். அந்தக் கணக்குக்கு என் இதயம் இரும்பாக இருந்திருக்க வேண்டுமே. பியூலாதான் அதை விளங்கவைத்தாள். “ஏறுறது யாருக்கும் ஏறும் ஆன்ட்டி, நாய் தொரத்துனாலும் ஏறும். விட்ட ஒடனே இறங்குதா பாருங்க, அதுலதான் இருக்கு ஹெல்த்து.” அப்போது புரிந்தது. பூ வந்த நாளிலும் எனக்கு இறங்கினதில்லை. பூவைத் தலையில் வைத்துக்கொண்டு, அடுத்தது எப்போதோ என்று காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருப்பேன். ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போடுகிற சத்தத்திலேயே இன்றைக்கு எப்படி என்று தெரிந்துவிடும். தெரிந்து என்ன செய்ய, சோற்றை எடுத்துவைக்க வேண்டியதுதான்.

கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பேப்பரை மடித்துத் தொடையில் வைத்திருக்கிறார், படிக்கவில்லை. மனசுக்குள்கூட எனக்கு இவர் ‘அவர்’தான். ஒரு நாளாவது ‘அவன்’ என்று சொல்லிப் பார்க்கலாம், யாருக்குக் கேட்கப்போகிறது, ஆனாலும் வரமாட்டேன் என்கிறது. கரண்ட் ஆபீஸில் மீட்டர் கணக்கை மேற்பார்வை பார்க்கிற அதிகாரியாக இருந்து ரிட்டையர் ஆனவர். யார் வீட்டு மீட்டரில் யார் கை வைத்திருக்கிறார்கள் என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார் என்று ஊரில் பேர். கோமதிநாயகம் சார் கண்ணுக்குத் தப்ப முடியாது என்பார்கள். தப்பினது ஒன்றே ஒன்றுதான், என் உள்பக்கம். வந்த புதிதில் அழுதேன். “என்னத்துக்கு அழுத? யாரத் திட்டிட்டு அழுத?” என்று விடியவிடியக் கேட்டார். ஒரு நாள் எதற்கோ சிரித்தேன். “யார நெனச்சுச் சிரிச்ச?” என்றார். அழுகையையும் விட்டேன், சிரிப்பையும் விட்டேன். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பழகினேன். சாப்பிட உட்கார்ந்தால் முதல் வாய் எடுத்ததும் கையை அப்படியே நிறுத்திவிடுவார், ஒரு வார்த்தை வராது. உப்பா, புளியா, முடி கிடக்கிறதா, நானேதான் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகச் சொன்னால் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்திருப்பார். சரியாகச் சொன்னால், “தெரிஞ்சிக்கிட்டேதான் செஞ்சியா?” அடித்ததும் உண்டு, எத்தனை என்று எண்ணி வைக்கவில்லை. இடது காது மந்தமானதற்குக் காரணம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தது என்று எங்கள் சொந்தபந்தம் முழுக்க நம்புகிறது. அந்த அடியின்போதுகூட என் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றுதான் அவருக்குக் கோபம் அதிகமாயிற்று. “மனசுக்குள்ள என்னதாம்ளா வச்சிருக்க?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒன்றும் இல்லை என்பேன். நூற்றுப் பதினெட்டு, அந்த ஒன்றுமில்லாததுதான் இப்போது சுவரில் ஆள் உயரத்துக்கு எரிகிறது.

“வேகம் ஆன்ட்டி!” அப்பாடா. பட்டை இழுக்கிறது, முன்பக்கம் தூக்குகிறது, மேட்டில் ஏறுகிற மாதிரி. கையை வீசு, குதிகாலை ஊன்று, மூச்சை வாயால் விடு. எல்லாரும் வேகத்தைத்தான் வைவார்கள். பாய், “யா அல்லா, இந்தப் புள்ளைக்கு எரக்கமே கெடையாதா” என்பார். எனக்கு இப்போது வேகம்தான் இளைப்பாறல். நூற்றிருபத்தொன்று, நூற்றிருபத்தைந்து. ஏறட்டும். இதில் எது கால் ஏற்றினது, எது பயம் ஏற்றினது என்று எந்த டாக்டரும் பிரிக்க முடியாது, எந்த அதிகாரியும் கண்டுபிடிக்க முடியாது. ஆள் நடமாட்டமுள்ள சந்தைக்குள் புகுந்துவிட்ட மாதிரி இருக்கிறது. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கிக் கரிக்கிறது, பெல்ட் மார்புக்குக் கீழே ஈரமாய் இறுக்குகிறது, தொடை கனக்கிறது, நன்றாக இருக்கிறது. நெஞ்சு தும்தும்மென்று அடிக்கும்போது, செத்த சதை போக மிச்சமிருப்பது எனக்காகத்தானே இந்தப் பாடு படுகிறது என்று அதன்மேல் ஒரு பாவம் வருகிறது. ஆறு மாதம் முன்னால் கட்டிலிலிருந்து கக்கூஸ்வரை நடக்க ஆள் பிடித்தவள் நான். முதல் வாரம் வேகம் என்று அவள் வைத்தது இன்றைய மெதுநடையைவிட மெது, அதற்கே கண்ணில் பூச்சி பறந்தது. பியூலா ஒவ்வொரு வாரமும் பட்டையை ஒரு பொட்டு கூட்டினாள், நான் ஒரு பொட்டு கூட நடந்தேன். யாரும் திட்டாமல் ஒன்றைக் கற்றுக்கொள்ள முடியும் என்பதே எனக்குப் புதிது. இதை விடமாட்டேன். எது போனாலும் இதை விடமாட்டேன். நூற்று முப்பது, மேலே போகக் கூடாது, முப்பத்திரண்டு என் எல்லை. ரெண்டு துடிப்புதான் மிச்சம் என்று நினைத்தால் சிக்கனமாக நடக்க வருகிறது.

மெது. வந்துவிட்டது சனியன். நூற்றிருபத்தாறு, இருபத்திரண்டு, பதினெட்டு, சரி, பதினாறு, பதினாறு, பதினாறு. அவ்வளவுதான், நின்றுவிட்டது. செல்போன் அடிக்கிறது, அவருடையது. எழுந்து வெளியே போகிறார். கண்ணாடிக் கதவு சாத்துகிற சத்தம். உடம்பில் எங்கேயோ ஒரு முடிச்சு அவிழ்கிறது, நான் அவிழ்க்கவில்லை, தானாக. நூற்றுப் பத்து. நூற்று மூன்று. தொண்ணூற்றெட்டு, பச்சை! பாய் கட்டைவிரலைக் காட்டுகிறார். அப்படியே இரு, போன் பேசுகிறவர் யாராயிருந்தாலும் நீ நன்றாக இருப்பாய், இன்னும் ஒரு நிமிடம் பேசு. கதவு. நூற்று நாலு. செருப்பில்லாத கால் டைல்ஸில் ஒட்டி ஒட்டி வருகிறது. நூற்றுப் பதினொன்று. “ஐய்யோ ஆன்ட்டி!” பியூலா கைதட்டுகிறாள். “அங்கிள், நீங்க போனா இறங்குது, வந்தா ஏறுது! நெசமாத்தான் சொல்றேன், நா பாத்துக்கிட்டேதான் இருந்தேன். இந்த வயசுலயும் அங்கிளப் பாத்தா படபடப்பா ஆன்ட்டி, என்ன ஒரு லவ்வு!” பாய் சிரிக்கிறார், மூலையில் கால் நீட்டிப் பயிற்சி செய்கிற ரெண்டு பேரும் சிரிக்கிறார்கள். அடி பாவி மகளே. கல்யாணத்துக்கு நாள் குறித்திருக்கிற பெண், படபடப்பென்றால் அவளுக்கு அது ஒன்றுதான். இவர் சிரிக்கவில்லை. டிவியை நிமிர்ந்து பார்க்கிறார். திரும்பிக் கதவுவரை போகிறார், வெளியே போய் நிற்கிறார், கண்ணாடி வழியாக டிவியைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கவில்லை. மறுபடி உள்ளே வந்து, நாற்காலியைத் தாண்டி, என் கைக்கு எட்டுகிற தூரத்தில் நிற்கிறார். டிவியைப் பார்க்கிறார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று அப்படித்தான் பார்ப்பார். நூற்று இருபது. இப்போது சிரிக்கிறார். தெரிந்துவிட்டது, பியூலாவுக்குத் தெரியாதது இவருக்குத் தெரிந்துவிட்டது. “ஏம்மா, இந்த பெல்ட்ட வீட்ல மாட்டிக்கிட முடியுமா? எம் போன்ல தெரியுமா?” என்று கேட்கிறார், ரொம்ப மரியாதையாக. “தாராளமா அங்கிள்! ஆப் ஒண்ணு இருக்கு, நானே போட்டுத் தாரேன். நீங்க எங்க இருந்தாலும் பாக்கலாம். ஏறுச்சுன்னா போன் கத்தும்.” “அப்பச் சரி. நல்லதாப் போச்சு. இவ எதையும் வாயத் தொறந்து சொல்லவே மாட்டாம்மா.” சமையலறையில் நான் இருப்பேன், கூடத்தில் போனோடு இவர் இருப்பார். தொண்டையைச் செருமுவார். போனைப் பார்ப்பார். சாப்பாட்டில் கையை நிறுத்துவார். போனைப் பார்ப்பார். இனி முகத்தைக் கழுவிக் கவிழ்த்து என்ன பயன், இனி நான் எங்கே போய் ஒளிய. இந்தப் பயிற்சி நின்றாலும் அந்த பெல்ட் நிற்காது, நின்றால் வீட்டில் ரெஸ்ட், ரெஸ்டிலும் பெல்ட். இறங்கு இறங்கு என்று என் இதயத்தை நானே கெஞ்சினது போதும், அது என்ன செய்யும், அதற்குத் தெரிந்ததை அது சொல்கிறது.

“கடைசி வேகம் ஆன்ட்டி, வாங்க!” ஏறுகிறது. கால் முந்திக்கொண்டு போகிறது. நூற்றிருபத்து நாலு, இருபத்தெட்டு. பியூலா பக்கத்தில் வந்து கைப்பிடியில் சாய்ந்துகொள்கிறாள். கடைசி வேகத்தில் ஏதாவது பேசச் சொல்லிக் கேட்பாள், அவர்கள் வழக்கம் அது. பாட்டுப் பாட முடிந்தால் வேகம் போதாது, பேச்சே வராவிட்டால் அதிகம், ரெண்டு மூன்று வார்த்தையாக அறுந்து அறுந்து வர வேண்டும். நான் வழக்கமாக வீட்டு விலாசத்தைச் சொல்வேன். “சொல்லுங்க ஆன்ட்டி, எதாச்சும் பேசுங்க.” கதவு நம்பர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த வீட்டு விலாசத்தை எதற்குச் சொல்ல? “இவுகள,” என்றேன். மூச்சு. “வெளிய,” மூச்சு, “இருக்கச் சொல்லும்மா.” பியூலா என் வாயைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுகிறாள். “எனக்கு,” மூச்சு, “பயமா,” மூச்சு, “இருக்கு.” சொல்லிவிட்டேனா. சத்தமாகவா சொன்னேன். முப்பத்தொரு வருஷத்தில் முதல்முதலாக, ஏசி ஹாலில், சுடிதார் போட்டுக்கொண்டு. “சூப்பர் ஆன்ட்டி! ஒவ்வொரு வார்த்தையா கரெக்டா வருது. இதான் வேணும், இதே லெவல்ல போங்க” என்று முதுகில் தட்டிவிட்டுப் பாயிடம் போய்விட்டாள். அவள் மூச்சைத்தான் கேட்டாள். வார்த்தை எங்கே அறுகிறது என்று பார்த்தாளே தவிர என்ன வார்த்தை என்று கேட்கவில்லை. கேட்டவர் ஒருத்தர்தான். பேப்பரை எடுத்து நாற்காலிமேல் வைக்கிறார். நூற்று முப்பத்தொன்று.

மெது. பட்டை தணிகிறது, தரை சமமாகிறது. இவர் கொடியில் கிடந்த என் துண்டை எடுத்துக்கொண்டு வருகிறார். எல்லாரும் பார்க்கிறார்கள், பாய் ஆசையாகவே பார்க்கிறார். நெற்றியை ஒற்றி எடுக்கிறார், கன்னத்தை, கழுத்தை, அவ்வளவு மெதுவாக. வீட்டு டெட்டாலில் அலசின துண்டு. குனிந்து, நல்ல காதுப் பக்கம், “வீட்டுக்கு வா. பேசிக்கிடலாம்” என்கிறார். நூற்று முப்பத்து நாலு, சிவப்பு, பீப் பீப் என்று டிவி கத்துகிறது. பியூலா ஓடி வருகிறாள், சிரிப்பெல்லாம் போயிற்று. “ஆன்ட்டி, மெதுவுல இவ்ளோ ஏறக் கூடாதே. நெஞ்சு வலிக்குதா? கையி இழுக்குதா? அங்கிள், நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திர வச்சிருக்கீங்களா?” இவர் பையைத் துழாவுகிறார், பதற்றமாக, ஒரு நல்ல வீட்டுக்காரர் மாதிரி. டாக்டரைக் கூப்பிடப் போகிறார்கள், நிறுத்தச் சொல்வார், கிராஃபில் சிவப்புக் கோட்டைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். இப்போது எனக்கு மூச்சு வாங்கவில்லை. கால் தளரவில்லை, வலி இல்லை, முழு வாக்கியமாகவே வரும், அறுந்துபோயிற்று என்று யாரும் தள்ள முடியாது. பியூலாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறேன், அவள் என் முகத்தைப் பார்க்கும்வரை விடவில்லை. “வலி ஒண்ணும் இல்லம்மா. மாத்திர வேண்டாம். இவுக பக்கத்துல வந்தா எனக்கு ஏறும், எப்பவுமே ஏறும். பிரியத்துல இல்ல, பயத்துல. இவுக என்னய அடிப்பாக. டாக்டர்கிட்ட இத இப்படியே சொல்லு.” பாய் காதிலிருந்து பாட்டைக் கழற்றுகிறார். துண்டு என் கழுத்தில் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நான் இதே மனிதரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். தெரிந்துதான் சொல்கிறேன்.